பேப்பர் டேப்பா, ஃபைபர் டேப்பா? ஒரு ஃபால்ஸ் சீலிங் கணக்கு

ஃபால்ஸ் சீலிங் போட்டு ஒரு வருஷம் ஆன வீட்டில் சும்மா ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி நேராக, முடி அளவுக்கு ஒரு கோடு தெரியும். அதிலிருந்து சரியாக நாலடி தள்ளி இன்னொன்று. பூச்சுச் சுவரில் வரும் விரிசல் வளைந்து நெளிந்து போகும், இது போகாது. இரண்டு ஜிப்சம் போர்டு சந்திக்கும் இடம், நாம் மூடி மறைத்த பிறகும், மறுபடி தலை காட்டுகிறது. அந்த ஜாயிண்ட்டுக்குள் என்ன டேப் ஒட்டினார்கள், அதற்கு மேல் என்ன பூசினார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அது ஒரு வருஷத்தில் வருமா, பத்து வருஷம் ஆனாலும் வராதா என்பது.

இரும்பையில் உறவினர் வீட்டு மாடி அறைக்கு சீலிங் போடும்போது இந்தக் கேள்வி வந்தது. வேலைக்கு வந்தவர் ஃபைபர் டேப் கட்சி. "ஃபைபர்னா கண்ணாடி நாரு சார், இழுத்தாலும் அறாது. பேப்பர் பேப்பர்தானே?" என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது. கூடவே அவர் சொல்லாத காரணம் ஒன்றும் உண்டு. ஃபைபர் டேப்பின் பின்பக்கம் பசை இருக்கும். அண்ணாந்து நின்றபடி ஒரே ஆள் சரசரவென்று ஒட்டிக்கொண்டே போய்விடலாம். பேப்பர் டேப் அப்படி இல்லை. முதலில் கம்பவுண்ட் பூச வேண்டும், அதன்மேல் டேப்பை வைக்க வேண்டும், பிளேடால் அழுத்தி அதிகப்படியை வழித்தெடுக்க வேண்டும். அழுத்தம் போதவில்லை என்றாலும், அடியில் கம்பவுண்ட் இல்லாமல் விட்டாலும், குமிழ் விடும். தலைக்கு மேல் செய்யும் வேலையில் இது சாதாரணக் கஷ்டம் இல்லை. நாள் கூலிக்கோ சதுர அடிக் கணக்கிலோ வேலை செய்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, எது உண்மையிலேயே பலம்? இதற்கு முதலில் ஜிப்சம் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தக் கடற்கரைக்கு ஜிப்சம் புதிய பொருள் இல்லை. இரும்பையிலிருந்து வடக்கே மரக்காணம் போனால் ரோட்டோரமாக உப்பளம் விரிந்து கிடக்கும். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடும்போது முதலில் பிரிவது சுண்ணாம்பு. போமே அளவில் சுமார் 13 டிகிரியைத் தாண்டினால் ஜிப்சம் படிய ஆரம்பிக்கும். நாம் சாப்பிடும் உப்பு வருவதற்கு 25 டிகிரி வரை காத்திருக்க வேண்டும். அதாவது உப்புக்கு முந்தின பாத்திகளின் அடியில் பளபளவென்று கிடக்கும் படிவம் ஜிப்சம்தான். தூத்துக்குடிப் பக்கம் இதைச் சேகரித்து சிமென்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள்.

வேதியியலில் இது கால்சியம் சல்ஃபேட், ஒவ்வொரு மூலக்கூறோடும் இரண்டு தண்ணீர் மூலக்கூறு ஒட்டியிருக்கும். சுமார் 120 முதல் 150 டிகிரி வரை சூடாக்கினால் முக்கால்வாசித் தண்ணீர் போய்விடும், கிடைப்பது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதில் தண்ணீர் ஊற்றினால் இழந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஊசி ஊசியாகப் படிகம் வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னி இறுகிவிடும். இது காய்வது இல்லை, கெட்டியாவது. இந்த வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டேப் விஷயமே இதில்தான் இருக்கிறது.

கடையில் ஜாயிண்ட் கம்பவுண்ட் என்ற பெயரில் இரண்டு விதமான சரக்கு கிடைக்கும். பக்கெட்டில் ரெடிமேடாக வரும் பேஸ்ட் ஒன்று. அதில் சுண்ணாம்புக்கல் மாவும் பசையும் தண்ணீரும் இருக்கும். தண்ணீர் ஆவியாகிப் போனால் காயும், போன தண்ணீரின் அளவுக்குச் சுருங்கும். இன்னொன்று மூட்டையில் வரும் பொடி. தண்ணீர் சேர்த்துக் கலக்கினால், மேலே சொன்ன படிகக் கதைப்படி, தானாகவே இறுகும். சுருக்கம் ரொம்பக் குறைவு, கடினமும் அதிகம். மூன்றாவதாக நம்ம ஊரில் மட்டும் நடக்கும் ஒன்று உண்டு: பெயின்ட் வேலைக்கு வாங்கின வால் புட்டி மிச்சம் இருந்தால் அதையே ஜாயிண்ட்டில் அப்பிவிடுவது. வெள்ளை சிமென்ட் புட்டி சுவரின் மேல் மெல்லிசாகப் பூசி வழவழப்பாக்குவதற்கான பொருள். அசையும் ஜாயிண்ட்டை நிரப்ப அதைச் செய்யவே இல்லை.

ஜாயிண்ட் எவ்வளவு அசையும்? இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஜிப்சம் போர்டு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 16 மைக்ரோமீட்டர் விரியும். காற்றின் ஈரப்பதம் ஒரு சதவீதம் கூடினால் மீட்டருக்குச் சுமார் 7 மைக்ரோமீட்டர் விரியும். பொதுவாக வெளியில் வெயில் ஏறும்போது ஈரப்பதம் இறங்கும், அதனால் ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டிவிடும். ஏசி அறையில்தான் சிக்கல். பகலெல்லாம் பூட்டியிருந்த அறை 34 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி ஏசி போட்டால் 24 டிகிரி, 55 சதவீதம். குளிர்ச்சியும் சுருக்குகிறது, வறட்சியும் சுருக்குகிறது, இரண்டும் ஒரே திசை. 6 மீட்டர் நீள சீலிங்கில் சூட்டினால் கிட்டத்தட்ட 1 மி.மீ., ஈரத்தினால் 1.3 மி.மீ., ஆக மொத்தம் 2 மி.மீட்டருக்கு மேல். 1220 மி.மீ. அகலப் போர்டு ஐந்து வரிசை என்றால் நடுவில் நான்கு ஜாயிண்ட். முழு அசைவும் அங்கேயே விழுந்தால் ஒவ்வொன்றுக்கும் அரை மி.மீட்டர் பங்கு. போர்டு உடனே ஈரம் விடாது, சேனலும் ஸ்க்ரூவும் பிடித்துக்கொள்ளும், எனவே நிஜத்தில் இதைவிடக் குறையும். ஆனால் முடி அளவு விரிசலுக்கு அரை மி.மீட்டரே வேண்டியதில்லை.

ஆக டேப்பின் வேலை அறாமல் இருப்பது மட்டுமல்ல. அசைவை ஜாயிண்ட்டில் குவிய விடாமல், போர்டுக்கும் சேனலுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கு டேப் ஆரம்பத்திலேயே இழுவைக்கு எதிர்த்து நிற்க வேண்டும், கொஞ்சமும் நீளக் கூடாது. இங்கேதான் "கண்ணாடி நார் பலம்" என்ற வாதம் வழுக்குகிறது. ஒரு தனிக் கண்ணாடி நாரை எடுத்தால் பேப்பர் கிட்டவே வர முடியாது, உண்மை. ஆனால் நாம் ஒட்டுவது தனி நாரை இல்லை, வலையை. குறுக்கும் நெடுக்குமாகப் போகும் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கும். இழுத்தால் அந்த வளைவுகள் முதலில் நிமிரும், கண்கள் கோணும், அதற்குப் பிறகுதான் நார் பாரம் தாங்க ஆரம்பிக்கும். அந்த முதல் நொடி நீட்சி போதும், மேலே இருக்கும் கம்பவுண்ட் விரிசல் விட்டுவிடும். டேப் அறவே அறாது, விரிசல் மட்டும் வரும்! பேப்பர் டேப் இழுத்தால் நீளாது. இரண்டு பக்கமும் கம்பவுண்ட்டோடு முழுப் பரப்பில் ஒட்டியிருக்கும்.

அப்படியென்றால் ஃபைபர் டேப் வேஸ்டா? இல்லை. வலையின் கண்களுக்குள் இறுகும் வகைக் கம்பவுண்ட் போய் நிரம்பிக் கெட்டியானால் கதை மாறும். இழைகள் கோண இடமே இல்லாமல் படிகம் அவற்றைச் சிறை பிடித்துவிடும். ஜிப்சத்துக்கும் கண்ணாடி நாருக்கும் நல்ல பொருத்தம் உண்டு என்பதற்கு சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. உர ஆலைக் கழிவு ஜிப்சத்தில் கண்ணாடி நாரைக் கலந்து செய்த 124 மி.மீ. பலகைகளால் ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் 2013-ல் இரண்டு மாடிக் கட்டடமே கட்டிக் காட்டினார்கள். அங்கே நாரைச் சுற்றி ஜிப்சம் இறுகியிருக்கிறது. பக்கெட் பேஸ்ட்டை ஃபைபர் டேப்பின் மேல் பூசினால் நடப்பது வேறு: பேஸ்ட் சுருங்கும், மெத்தென்று இருக்கும், வலை உள்ளே தாராளமாக நீண்டுகொள்ளும். யூ.எஸ்.ஜி. போன்ற போர்டு தயாரிப்பாளர்களே தங்கள் ஃபைபர் டேப்புக்கு முதல் கோட் இறுகும் வகைதான் என்று நிபந்தனை போடுகிறார்கள். நம்ம ஊரில் அதிகம் பார்க்கும் ஜோடி எது தெரியுமா? ஃபைபர் டேப், மேலே பேஸ்ட் அல்லது புட்டி. இருப்பதிலேயே மோசமான ஜோடி.

அடுத்த வாதம் ஈரம். "கடற்கரை ஊரு சார், பேப்பர் பூஞ்சை பிடிக்கும்." 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது, இங்கிருந்து அதிக தூரமில்லாத மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. அதைப் பார்த்த பிறகு இந்தப் பயத்தைத் தப்பு சொல்ல முடியாது. கண்ணாடியில் பூஞ்சைக்குத் தீனி இல்லை என்பதும் சரி. ஆனால் ஒன்றை மறந்துவிடுகிறோம்: ஜிப்சம் போர்டின் இரண்டு முகமும் பேப்பர்தான். 1894-ல் அகஸ்டின் சாக்கெட் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய பலகையே பேப்பரும் பிளாஸ்டரும் அடுக்கினதுதான். தளத்திலிருந்து தண்ணீர் சொட்டி போர்டு ஊறினால், இரண்டு அங்குல டேப் எதுவாக இருந்தால் என்ன? போர்டே தொங்கிவிடும். எனவே தளத்து ஒழுக்கை அடைப்பது டேப்புக்கு முந்தின வேலை. ஈரம் தாங்கும் பச்சைப் போர்டு போடுகிற பாத்ரூம் பக்கங்களில் மட்டும் ஃபைபர் டேப்பும் இறுகும் கம்பவுண்ட்டும் நியாயமான தேர்வு.

உப்புக்காற்று ஊருக்கென்று தனியாக இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். காற்றில் ஈரம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீரை இழுத்துக் கசியும். அதனால் சாதாரணக் கறுப்பு ஸ்க்ரூ சீக்கிரம் துருப்பிடித்து வெள்ளைச் சீலிங்கில் பழுப்புப் புள்ளி வைக்கும். துத்தநாகப் பூச்சு உள்ளது வாங்குங்கள். இரண்டாவது, தண்ணீர். கொஞ்சம் உப்பு சேர்ந்தாலே பிளாஸ்டர் வேகமாக இறுகும். அரை மணி நேரம் கையில் நிற்க வேண்டிய கலவை, உவர்ப்பு போர் தண்ணீரில் கலந்தால் டேப் ஒட்டுவதற்குள் சட்டியிலேயே கட்டிவிடும். அப்போது ஆள் என்ன செய்வார்? இன்னும் தண்ணீர் ஊற்றி இளக்குவார். உடைந்த படிகம் மறுபடி பின்னாது, அந்தக் கலவைக்குப் பலமே இருக்காது. குடிதண்ணீரில்தான் கலக்க வேண்டும்.

ஊர்ப்பெயர் வந்ததால் ஒரு சின்ன இடைச்செருகல். இரும்பை மாகாளேஸ்வரர் கோயிலில் லிங்கமே மூன்றாக வெடித்துப் பிறகு சேர்க்கப்பட்டது என்பது தலக்கதை; கடுவெளிச் சித்தரின் கோபத்தால் நடந்தது என்பார்கள். சேர்த்த லிங்கத்தைச் சுற்றிப் பிடித்திருப்பது தாமிரத் தகடு. "நம்ம சாமிக்கே டேப்பு உலோகம்தான் சார்" என்று அந்த வேலைக்காரர் சிரித்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த அறையில் கடைசியில் முடிவானது இது. போர்டுக்குப் போர்டு நீள ஜாயிண்ட் எல்லாம் பேப்பர் டேப், அடியில் இறுகும் வகை, அது கெட்டியான பிறகு மேல் கோட் இரண்டும் பேஸ்ட், ஏனென்றால் பேஸ்ட்டைத் தேய்ப்பது சுலபம். வெட்டின முனைகள் சந்திக்கும் இடத்தில் கத்தியால் ஆங்கில வி வடிவத்தில் சீவிவிட்டு அதே முறை. உள்மூலைகளில் பேச்சே இல்லை, பேப்பர்தான். நடு மடிப்போடு வருவதால் அழகாக மடங்கும், ஃபைபர் அங்கே நிற்காது, பிளேடு பட்டாலே வெட்டுப்படும். லைட்டுக்காகத் தப்பாகப் போட்ட இரண்டு ஓட்டையை ஒட்டுப்போட மட்டும் ஃபைபர். சீலிங் செங்கல் சுவரைத் தொடும் ஓரத்தில் எந்த டேப்பும் ஒட்டவில்லை. தளமும் சுவரும் சீலிங்கும் தனித்தனியாக அசைபவை, அங்கே 10 மி.மீ. இடைவெளி விட்டு நிழல்கோடாகவே வைத்தாயிற்று.

கூலியில் ஒன்றரை நாள் கூடியது. மழைக்காலமாக இருந்ததால் ஒவ்வொரு பேஸ்ட் கோட்டுக்கும் இரண்டு நாள் காயவிட்டோம். நீங்கள் வேலை கொடுக்கும்போது டேப் எது என்று மட்டும் கேட்காதீர்கள். முதல் கோட்டுக்குப் பொடியா பக்கெட்டா என்று கேளுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று பதில் வந்தால், மூட்டையை நீங்களே வாங்கிக் கொடுத்துவிட்டு, கலக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள்.