நின்றுபோன ஜீப்பை உடனே ஸ்டார்ட் செய்யலாமா?

பானெட் உயர்ந்த சிஜே-3பி ஜீப்பை வில்லிஸ் நிறுவனம் 1953-இல் வெளியிட்டது. இந்தியாவில் மஹிந்திராவும் அதைப் பல்லாண்டு தயாரித்தது. 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சின் உயரமானது, அதனால்தான் அந்த உயர்ந்த பானெட். வருடக்கணக்கில் நின்ற அப்படியொரு வண்டியில் புது பேட்டரியை மாட்டி உடனே ஸ்டார்ட் செய்வது அதற்குச் செய்யும் கொடுமை.

ஏன்? எஞ்சின் ஓடாதபோது சிலிண்டர் சுவரிலிருந்து ஆயில் வடிந்துவிடுகிறது. காற்றின் ஈரத்தால் பிஸ்டன் ரிங்குகள் சுவரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட்டர் மோட்டார் வலிந்து சுழற்றினால் ரிங் உடையும், சுவரில் கீறல் விழும். ஆகவே ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் கொஞ்சம் ஆயில் விட்டு, சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். அசையவில்லையா? மறுபடி ஆயில், மறுபடி காத்திருப்பு. இந்தக் கட்டத்தில் அவசரப்படவே கூடாது.

பழைய பெட்ரோலும் ஆபத்துதான். எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட, மிச்சம் ஆக்சிஜனோடு வினைபுரிந்து வேப்பம்பிசின் போலக் கெட்டிப்பட்டு கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். டாங்கைக் காலிசெய்து கழுவுங்கள். பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சி வீல் சிலிண்டர்களை உள்ளிருந்து அரித்திருக்கும். வண்டியை ஓட்டுமுன் அதைச் சரிசெய்தாக வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவை மண் தரையில் மட்டுமே சோதியுங்கள். இதில் முன், பின் அச்சுகளுக்கு நடுவே டிஃபரென்ஷியல் இல்லை. வளைவில் முன் சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். மண்ணில் டயர் சறுக்கி ஈடுகொடுக்கும். தார்ச்சாலையில் டயர் சறுக்காது; அதனால் உண்டாகும் இறுக்கம் முழுவதும் கியர்களில் ஏறும்.