அரைக்கிணற்றில் நீர் இல்லை

அச்சுவேலித் தோட்டங்களிற் கிணறு வெட்டுவோரைக் கண்டவர்கள் ஓர் உண்மையை அறிவார்கள். மேலே உள்ள செம்மண் எளிதில் வழிவிடும். அதன் கீழே சுண்ணாம்புக்கல் எதிர்ப்படும். அங்கே சோர்ந்து நின்றவனுக்கு வெறுங்குழியே மிச்சம்; கல்லையும் பிளந்தவனுக்கே தண்ணீர். தலைமையும் இத்தகையதே.

யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் இதற்கோர் எடுத்துக்காட்டு. 1924 இல் மாணவர் காங்கிரஸாக அது தோன்றியது. அதன் முன்னணியில் நின்றவர் மானிப்பாயிற் பிறந்த ஆசிரியர் ஹன்டி பேரின்பநாயகம். 1927 இல் காந்தியடிகள் யாழ்ப்பாணம் வந்தபோது அவரை வரவேற்று உபசரித்தவர்கள் இவ்வாலிபர்களே.

டொனமூர் அரசியற்றிட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை என்று கண்ட இவர்கள், 1931 ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு மக்களை வேண்டினர். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் கொடுக்கவில்லை. அரசியலில் முதிர்ந்த பெரியவர்களும் இளைஞர் சொல்லுக்கு இணங்கினர்.

ஆயினும் தென்னிலங்கை தேர்தலில் ஈடுபட்டது. 1934 வரை அந்நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடந்தன. அப்பகிஷ்காரம் தவறு என்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். துணிவுடன் எடுத்த முடிவும் பயன் தராமற் போகலாம். அதன் பழியையும் தலைவன் ஏற்கவேண்டும்.

அரசை எதிர்த்துப் பேசினாற் கரகோஷம் கிடைக்கும். சொந்த ஊரின் குறையைச் சுட்டினால் உறவினரும் முகம் திருப்புவர். வாலிபர் காங்கிரஸ் தொடக்கத்திலேயே தீண்டாமையைக் கண்டித்தது. பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளும் சமமாய் அமரவேண்டும் என்பதும், பலரும் ஒரே பந்தியில் உண்ணவேண்டும் என்பதும் அவ்வியக்கத்தாரின் கொள்கை. செம்மண்ணின் கீழிருந்த கல் இதுவே!

இயக்கம் தளர்ந்த பின்னரும் பேரின்பநாயகம் பொதுப்பணியைக் கைவிடவில்லை. கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்த அவர், 1949 முதல் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக அமர்ந்து மாணவரை உருவாக்கினார். மாலையும் மேடையும் மறைந்த பின்னரும் தொடரும் தொண்டே முழு ஈடுபாடு.

மாணவர்களே! வகுப்பிலோ, சங்கத்திலோ, ஊர் வாசிகசாலையிலோ நாளை நீங்களும் ஒரு பொறுப்பை ஏற்பீர்கள். பிறரை எதிர்ப்பது மட்டும் துணிவன்று. நம்மவரின் பிழையை நம்மவர் முன்னிலையிற் சொல்லி, அதன் விளைவையும் தாங்குவதே துணிவு. கல் தட்டுப்படும் இடத்திற் கடப்பாரையைப் போட்டுவிட்டு வீடு திரும்பாதீர்கள்.