மெம்பரேன் சீக்கிரம் போவது ஏன்?

குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு நேயர்: “மெம்பரேன் மாத்தி ஒரு வருசம் ஆகல்ல, வெள்ளம் பின்னயும் உப்பு கரிக்கு.” கிணத்துத் தண்ணியும் குழாய்த் தண்ணியும் அவர் வீட்டில் ஒரே டேங்கில்தான் விழுது. சந்தேகம் அங்கதான்.

1960 வாக்கில் அமெரிக்காவில் லோப் என்பவரும், இங்கிருந்து போன சௌரிராஜனும் உருவாக்கியது செல்லுலோஸ் அசிடேட் மெம்பரேன். குளோரினை அது ஓரளவு தாங்கும். ஆனா கிருமி அதையே தின்னுடும். இப்போ வீட்டு மெஷினில் இருப்பது பாலிஅமைடு. குறைந்த அழுத்தத்திலேயே உப்பை நல்லாப் பிடிக்கும். குளோரின் தொடர்ந்து பட்டா சிதைஞ்சிடும், உப்பு உள்ளே வந்துடும். குழாய்த் தண்ணியில் கிருமிக்காகப் போடுற குளோரினை மெம்பரேனுக்கு முன்னாடியே பிடிக்கிறது கார்பன் ஃபில்டர்தான். விலை குறைந்த அதை மாத்தாம மெம்பரேனை மட்டும் மாத்தினா, அடுத்ததும் இப்படியேதான் போகும்.

நாகர்கோவிலில் முக்கடல் அணைத் தண்ணி மட்டும் வர்ற வீடுன்னா முதல்ல டிடிஎஸ் பாருங்க. 500-க்குக் கீழேன்னா உப்புக்காக ஆர்ஓ வாங்க வேண்டியதே இல்ல.