எந்த ஊர்க் கண்ணாடி?

கல்லாவி ஓடையில் ஒரு பிடி மணலை அள்ளி வெயிலில் பாருங்கள். பளபளப்பது குவார்ட்ஸ். மங்கலாக, வெளிர் சிவப்பாக இருப்பது ஃபெல்ட்ஸ்பார். அதில் அலுமினியம் உண்டு. இரண்டும் நம் கிருஷ்ணகிரிப் பாறை பொடிந்து வந்தவை.

இப்படிப்பட்ட மணலை உருக்கினால்தான் கண்ணாடி. குவார்ட்ஸ் மட்டும் உருக 1,700 டிகிரி வெப்பம் வேண்டும். பழைய உலைகள் அவ்வளவு சூடேறாது. சோடா உப்பு சேர்த்தால் 1,000 டிகிரி சொச்சத்திலேயே இளகிவிடும். நம் நாட்டில் அந்த உப்பு உவர்மண்ணில் கிடைத்தது. சலவைக்காரர்கள் துணி வெளுத்த அதே மண்தான். மணலில் ஃபெல்ட்ஸ்பாரும் இருப்பதால், இப்படிக் காய்ச்சிய இந்தியக் கண்ணாடியில் அலுமினா, அதாவது அலுமினிய ஆக்சைடு, பெரும்பாலும் 5 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். மேற்காசியாவில் பாலைவனச் செடிகளை எரித்த சாம்பலைச் சேர்த்தார்கள். அந்தக் கண்ணாடியில் அலுமினா குறைவு, மெக்னீசியமும் பொட்டாசியமும் கூடுதல்.

குஜராத் கடற்கரையில் சஞ்சான் என்ற பழைய துறைமுகத்தை 2002 முதல் 2004 வரை தோண்டினார்கள். எட்டாம் நூற்றாண்டிலிருந்து பதின்மூன்றாம் நூற்றாண்டு வரை கப்பல்கள் வந்துபோன இடம். அங்கே கண்ணாடிப் பாத்திரங்களின் உடைசல்களும் கிடைத்தன.

இப்படிப்பட்ட சில்லு எந்த ஊர்க்காரன் என்று எப்படிக் கேட்பது? லேசர் கதிரால் தலைமுடி பருமனுக்கு ஒரு குழி போடுவார்கள், அவ்வளவுதான். கிளம்பும் துகள்களை ஆர்கான் வாயு சுமந்துபோய்ப் பிளாஸ்மாச் சுடரில் விடும். அணுக்கள் மின்னூட்டம் பெற்று, எடைவாரியாகப் பிரிந்து எண்ணப்படும். ஐம்பது தனிமங்களுக்கு மேல் கணக்கு வந்துவிடும். அலுமினியம் கூடுதலா, மெக்னீசியம் கூடுதலா என்று பார்த்தால் ஊர் தெரியும். நீலத்துக்குக் கோபால்ட், ஊதாவுக்கு மாங்கனீசு என்று நிறம் போட்ட சரக்கும் அதிலேயே தெரியும்.

அலங்காரம் எப்படிச் செய்தது என்று பார்க்க உருப்பெருக்கி போதும். அக்காலத்து மேற்காசியக் கிண்ணங்கள் சிலவற்றில், சுழலும் சக்கரத்தில் தேய்ப்புத் தூளும் தண்ணீரும் விட்டு வட்டங்களும் பட்டைகளும் செதுக்கியிருப்பார்கள். நம் பக்கத்துக் கிரானைட் பட்டறைகளில் கல்லுக்குப் பாலிஷ் போடும் வித்தைதான். குழிவுக்குள் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடினால் அது சக்கரத்தின் தடம்.

ஒரே சிக்கல், உடைந்த கண்ணாடியை யாரும் வீணாக்கவில்லை. ராஜேந்திர சோழன் கடாரத்துக்குப் படை அனுப்பிய 1025ஆம் ஆண்டு வாக்கில், துருக்கிக் கடலோரத்தில் ஒரு கப்பல் மூழ்கியது. அதில் சுமார் 3 டன் கண்ணாடி. பெரும்பகுதி மறுபடி உருக்கக் கொண்டுபோன உடைசல்! பல ஊர்ச் சில்லுகளை ஒரே உலையில் போட்டால் பல ஊர் மணலும் கலந்துவிடும். அப்புறம் எண்களை வைத்துக்கொண்டு ஆய்வாளர்கள் தலையைச் சொறிய வேண்டியதுதான்.