‘குட்பை’ - ஒரு குட்டிச் செபம்

மாலையில் நீண்ட மணி அடித்ததும் நாங்கள் எழுந்து நின்று ஒரே குரலில், “தேங்க் யூ சிஸ்டர், குட்பை சிஸ்டர்” என்று இராகத்தோடு சொல்வது வழக்கம். ஒரு நாள் எங்கள் ஆங்கில ஆசிரியை சிரித்துக்கொண்டே, “‘குட்’ என்றால் நல்ல. ‘பை’ என்றால் என்ன?” என்று கேட்டார். கடைசிப் பெஞ்சிலிருந்து, “புத்தகப் பை, சிஸ்டர்!” என்று பதில் வந்தது. வகுப்பே சிரித்தது. ஆனால் சரியான விடை எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. பின்னர் தேடி அறிந்ததை இங்கே தருகிறோம்.

“குட் மார்னிங்”, “குட் நைட்” என்பவற்றில் ‘குட்’ என்பது ‘நல்ல’ என்றே பொருள்படும். ஆனால் ‘குட்பை’யில் ஒளிந்திருப்பது ‘காட்’, அதாவது கடவுள்! முற்காலத்தில் ஆங்கிலேயர் பிரியும்போது “காட் பி வித் யீ” என்று வாழ்த்தினர். ‘யீ’ என்பது ‘நீங்கள்’ என்பதற்குரிய பழைய சொல். ஆகவே, “கடவுள் உங்களோடு இருப்பாராக” என்பதே அதன் பொருள். திருப்பலியில் குருவானவர் நம்மை வாழ்த்துவதும் இப்படித்தானே!

“போய்விட்டு வருகிறேன்” என்பது நம் வாயில் “போயிட்டு வரேன்” ஆகிவிடுகிறதல்லவா? அதுபோலவே அவ்வாழ்த்தும் சொல்லச் சொல்லச் சுருங்கியது. கேப்ரியல் ஹார்வி என்னும் ஆங்கில அறிஞர் 1573 முதல் 1580 வரை எழுதிய கடிதங்களின் தொகுப்பிலேயே அதன் சுருங்கிய வடிவம் காணப்படுகிறது. ஷேக்ஸ்பியரின் நாடக மாந்தரும் அவ்வாறு கூறி விடைபெறுகின்றனர். பின்னர், “குட் டே”, “குட் நைட்” என்று சொல்லிப் பழகிய நாக்கு, ‘காட்’ என்பதையும் ‘குட்’ ஆக்கிவிட்டது.

பிரெஞ்சு மொழியின் ‘அதியூ’, ஸ்பானிய மொழியின் ‘அதியோஸ்’ ஆகியவையும் பிரிபவரைக் கடவுளிடம் ஒப்படைக்கும் சொற்களே. ‘ஃபேர்வெல்’ என்பதற்கோ ‘நலமாகச் சென்று வருக’ என்பது பழைய பொருள். நாம் கையசைத்துச் சொல்லும் ‘டாட்டா’ ஆங்கிலக் குழந்தைகளின் மழலையில் பிறந்தது.

ஒன்றை நினைவில் கொள்வோம். மாலையில் ஒருவரைச் சந்திக்கும்போது “குட் ஈவ்னிங்”. இரவில் பிரியும்போதுதான் “குட் நைட்”. ‘குட்பை’யோ எந்நேரமும் பிரிவுக்கே உரியது. கை நழுவிப் போன பொருளுக்கும் இச்சொல் வரும். “பரிசுக்குக் குட்பை சொல்லிவிடு” என்று ஆங்கிலத்தில் கூறினால், ‘இனி அது கிடைக்காது’ என்று பொருள்.

சென்ற ஆண்டு எங்களோடு படித்த தோழி ஒருத்தி, அரையாண்டு விடுமுறைக்குப் பின் பள்ளிக்கு வரவேயில்லை. குடும்பச் சூழ்நிலையால் படிப்பை நிறுத்திவிட்டாள் என்று பின்னர் அறிந்தோம். அவளுக்கு ஒரு ‘குட்பை’கூடச் சொல்லவில்லையே என்று நெடுநாள் வருந்தினோம். அச்சொல்லின் பொருள் தெரிந்தபின் எங்களுக்குச் சிறு ஆறுதல் கிடைத்தது. செபத்தைச் சொல்ல, அவள் எங்கள் எதிரில் நிற்கவேண்டும் என்பதில்லையே!

இவ்வாண்டு நாங்களும் பிரியப்போகிறோம். கடைசி நாளன்று இராகம் போடாமல், பொருள் உணர்ந்து சொல்வோம்: “குட்பை சிஸ்டர், குட்பை தோழியரே!” அங்கே இல்லாத அவளுக்கும் சேர்த்தே சொல்வோம்.