உணவைத் தொடும் பீங்கான்: அறிந்து பயன்படுத்துவோம்

உணவில் உப்பு எவ்வளவு சேர்க்கலாம், எண்ணெய் எவ்வளவு சேர்க்கலாம் என்று எங்களிடம் கேட்போர் பலர். அந்த உணவை எந்தக் கலத்தில் வைக்கலாம் என்று கேட்போர் மிகச் சிலரே. தீராத இரத்தசோகை, விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, நாள்பட்ட மலச்சிக்கல், குழந்தையின் கற்றல் குறைபாடு ஆகியவற்றுக்கு வழக்கமான காரணங்கள் புலப்படாதபோது நாங்கள் விசாரிக்க வேண்டியவற்றுள் வீட்டுப் பாத்திரமும் ஒன்றாகும்.

இது வெறும் ஐயமன்று. கனடாவின் மான்ட்ரியல் நகரில், மெருகிட்ட மண்கூசாவில் வைத்திருந்த ஆப்பிள் சாற்றைப் பருகிவந்த ஒரு சிறுவன் காரீய நஞ்சினால் உயிரிழந்தான். 1970-இல் மருத்துவ இதழொன்றில் வெளியான இந்நிகழ்வு, உணவுக்கலங்களின் மெருகுப்பூச்சின் மீது மருத்துவ உலகின் கவனத்தைத் திருப்பியது. சாறு கெட்டுப்போனதாக இருக்கவில்லை. அதைத் தாங்கிய கலமே நஞ்சானது.

மெருகில் காரீயம் ஏன்?

சுட்ட மண்ணில் நுண்துளைகள் உண்டு. அவற்றின் வழியே நீர் கசியும். அதனைத் தடுக்கவே கண்ணாடி போன்றதொரு மெருகைப் பூசிச் சுடுகின்றனர். இம்மெருகின் அடிப்படைப் பொருளான சிலிக்கா தனியே உருக 1,700 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். காரீய ஆக்சைடு சேர்த்தால் மிகக் குறைந்த வெப்பத்திலேயே மெருகு உருகிப் பரவுகிறது, பளபளப்பும் கூடுகிறது. சிறிய சூளை வைத்திருப்போர் பல நாடுகளில் இதை நாடியதற்குக் காரணம் இதுவே. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் ஆகிய பளிச்சிடும் நிறங்களுக்குக் காட்மியம் சேர்ப்பதும் உண்டு.

கலவை சரியாக அமைந்து, தக்க வெப்பத்தில் முழுமையாகச் சுடப்பட்டால் இவ்வுலோகங்கள் பெரும்பாலும் கண்ணாடிக்குள் கட்டுண்டு கிடக்கும். சூட்டில் குறை நேர்ந்தால் அக்கட்டு தளர்ந்துவிடும். பச்சை நிறத்துக்காகச் செம்பு சேர்த்த காரீய மெருகிலிருந்து காரீயம் இன்னும் எளிதாக வெளியேறும். புளிப்பு, சூடு, நேரம் ஆகிய மூன்றும் அதனை உணவுக்குள் இழுத்துவரும். நம் சமையலறையிலோ புளிக்குழம்பு, ரசம், மோர், தக்காளித்தொக்கு, எலுமிச்சை ஊறுகாய் என்று புளிப்புக்குக் குறைவில்லை.

ஈயம் இரண்டு

‘ஈயம்’ என்ற சொல்லால் ஒரு குழப்பம் எழுவதுண்டு. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசப்படுவதும், ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்யப்படுவதும் வெள்ளீயம். நஞ்சாவது காரீயம். இரண்டும் வெவ்வேறு உலோகங்கள். எனினும், வெள்ளீயத்தோடு காரீயம் கலந்திருந்தால் அதனைக் கண்ணால் அறிய இயலாது. ஆகவே நம்பகமான இடத்தில் மட்டுமே அவற்றை வாங்க வேண்டும்.

உடலில் நிகழ்வது

உண்ட காரீயத்தில் பெரியவர்களின் குடல் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை உறிஞ்சுகிறது. சிறு குழந்தைகளின் குடலோ பாதியளவு வரை உறிஞ்சக்கூடும். இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடலில் இந்த உறிஞ்சல் மேலும் கூடும். உள்ளே சென்ற காரீயம் இரத்த அணு உருவாக்கத்தைத் தடுக்கிறது. நரம்புகளையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. வளரும் மூளையில் நிலையான குறைபாட்டை உண்டாக்குகிறது. எஞ்சியது எலும்பில் பல ஆண்டுகள் தங்கி, கருவுற்ற காலத்தில் மீண்டும் இரத்தத்துக்கு வந்து கருவையும் அடையக்கூடும். காட்மியமும் சிறுநீரகத்தில் பல ஆண்டுகள் தங்கி அதனைச் சிதைக்க வல்லது.

இரத்தத்தில் இவ்வளவு காரீயம் இருந்தால் தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அது எங்கிருந்து வருகிறது எனக் கண்டறிந்து நிறுத்த வேண்டும் என்று அந்நிறுவனம் 2021-இல் வழிகாட்டியது.

விதிகள் சொல்வது

பீங்கான் கலங்களைச் சோதிக்கும் முறை எளிமையானது. 4 விழுக்காடு அசிட்டிக் அமிலக் கரைசலை, அதாவது வினிகரை ஒத்த புளிப்புள்ள நீரை, கலத்தில் ஊற்றி அறை வெப்பத்தில் 24 மணி நேரம் வைத்திருப்பர். பின்னர் அந்நீரில் இறங்கிய காரீயத்தையும் காட்மியத்தையும் அளப்பர்.

ஐரோப்பாவில் 1984-இல் வகுக்கப்பட்ட விதியின்படி, கிண்ணம் போன்ற கலங்களிலிருந்து லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் காரீயம் வெளியேறக் கூடாது. சமையல் பாத்திரங்களுக்கும் 3 லிட்டருக்கு மேற்பட்ட சேமிப்புக் கலங்களுக்கும் இவ்வரம்பு 1.5 மில்லிகிராம். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் குவளைகளுக்கு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் என்ற கடுமையான வரம்பைக் கடைப்பிடிக்கிறது. நாள்தோறும் பலமுறை, அதுவும் சூடான பானத்துக்குப் பயன்படும் கலத்துக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவை என்பது நியாயமே. உணவுக்கு ஏற்றதல்லாத அலங்காரக் கலங்களில் அந்த எச்சரிக்கை அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும், அல்லது உணவு வைக்க முடியாதவாறு துளையிடப்பட வேண்டும் என்பதும் அங்குள்ள விதி. நம் நாட்டிலும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இத்தகைய கலங்களுக்குச் சோதனை முறையையும் வரம்பையும் வகுத்துள்ளது.

ஒன்றை மறத்தலாகாது. இவ்வரம்புகள் பொருளின் தரத்தை அளப்பவை. உடலுக்குக் காரீயம் இவ்வளவு வரை நல்லது என்று சொல்பவை அல்ல.

வீட்டில் செய்யத்தக்கவை

1. புளிப்பான உணவையும் ஊறுகாயையும் நாட்கணக்கில் சேமிக்கக் கண்ணாடிக் கலமே சிறந்தது. பீங்கான் ஜாடியைப் பயன்படுத்துவதாயின், உணவுக்கு உரியதென உற்பத்தியாளர் உறுதியளித்ததாக இருக்கட்டும்.

2. மெருகில் வலை போன்ற விரிசல், உதிர்வு, மங்கல், கழுவிய பின் வெண்மாவு போன்ற படலம் ஆகியவை தென்பட்டால் அக்கலத்தை உணவுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

3. உணவு படும் உட்புறத்தில் வண்ணச் சித்திரம் உள்ள தட்டுகளை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சித்திரம் மேடாகத் தட்டுப்பட்டால் அது மெருகின் மேல் தீட்டப்பட்டது. உணவுடன் நேரே உரசுவது. அத்தகையவற்றைத் தவிர்த்தல் நலம்.

4. பழம்பொருள் கடையிலும் பயணத்தின்போது சந்தையிலும் வாங்கியவை, முன்னோர் வழிவந்தவை, கைவினைக் கலங்கள் ஆகியவற்றின் மெருகு பற்றிய விவரம் தெரியாதெனில் அவற்றை அழகுக்கு மட்டும் வையுங்கள்.

5. மைக்ரோவேவ் அடுப்புக்கு ஏற்றது என்று குறிப்பிடப்படாத பீங்கானை அதில் வைக்காதீர்கள்.

6. மெருகிடாத மண்சட்டியில் மெருகுக் காரீயம் என்னும் சிக்கல் எழுவதில்லை. ஆனால் பளபளப்புக்காக வண்ணமோ வார்னிஷோ பூசிய சட்டியைச் சமையலுக்கு வாங்காதீர்கள்.

7. கொதிக்க வைப்பதாலோ, புளியிட்டுத் தேய்ப்பதாலோ ஒரு கலத்தைக் காரீயமற்றதாக்க இயலாது. ஐயம் தீர வேண்டுமெனில் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிப்பதே வழி.

மருத்துவரிடம் எப்போது?

ஐயத்துக்குரிய கலத்தில் நெடுநாள் உண்டுவந்த குழந்தைகளும் கருவுற்ற பெண்களும், அறிகுறி இல்லாவிடினும், ஒருமுறை மருத்துவரிடம் இதனைத் தெரிவிக்க வேண்டும். வயிற்றுவலி, மலச்சிக்கல், இரத்தசோகை, கைகளில் தளர்ச்சி உள்ள பெரியவர்களும் அவ்வாறே. சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தில் காரீயத்தின் அளவை அறியலாம். வரும்போது கலத்தையோ அதன் ஒளிப்படத்தையோ கொண்டுவந்தால், வினவுவதற்கு எங்களுக்கு உதவியாக இருக்கும்.

காரீயம் மிகுந்திருந்தால் முதல் மருந்து, அது வரும் வழியை அடைப்பதே. இரும்பும் கால்சியமும் நிறைந்த உணவு துணைநிற்கும். காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. எனினும் அவை மிகை அளவு காணப்பட்டோருக்கு, மருத்துவக் கண்காணிப்பில் தரத்தக்கவை. உடலின் நச்சை நீக்கும் என்று விற்கப்படும் பொடிகளை நம்பிக் காலம் கடத்தாதீர்கள். அதே கலத்தில் தொடர்ந்து உண்டால் எந்த மருந்தும் முழுப்பயன் தராது.

பீங்கான் அனைத்தும் நஞ்சு என்று அஞ்ச வேண்டியதில்லை. தரச் சோதனைக்கு உட்பட்டு வரும் தட்டும் குவளையும் பிளவின்றி இருக்கும்வரை தாராளமாகப் பயன்படலாம். எவர்சில்வரும் கண்ணாடியும் எப்போதும் கைகொடுக்கும். விவரம் தெரியாத அழகிய கிண்ணத்தைத் தூக்கி எறியவும் வேண்டா; அது அலமாரியில் இருக்கட்டும், குழந்தையின் சோறு வேறு கிண்ணத்தில் இருக்கட்டும்.