இரண்டு வாளிகள்

சிங்கப்பூரின் கிராஞ்சி அணைக்கரையில் நின்றால் ஒரே பார்வையில் இரண்டு தண்ணீரைப் பார்க்கலாம். வடக்கே ஜொகூர் நீரிணையின் உப்புத் தண்ணீர், அதற்கு அப்பால் ஜொகூர் பாருவின் கட்டடங்கள். தெற்கே கிராஞ்சி நீர்த்தேக்கத்தின் நல்ல தண்ணீர். இரண்டையும் பிரிப்பது ஒரு சாலையும் அதன் கீழே உள்ள மதகுகளும்தான். மூன்றாவதாக ஒரு தண்ணீரும் இந்த வட்டாரத்தில் உண்டு. நாம் குளித்து, துவைத்து, பாத்திரம் கழுவி, கழிவறையில் ஊற்றிவிட்ட தண்ணீர் இங்கேதான் தெளிந்த நீராகித் திரும்புகிறது. அந்த நீரின் பெயர் நியூவாட்டர்; அதைத் தரும் கிராஞ்சி ஆலை 2003-இல் இயங்கத் தொடங்கியது.

அந்த மூன்றாவது தண்ணீரின் கதையைச் சொல்ல தேக்காவிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று

1970-களில் தேக்காப் பக்கம் எங்கள் உறவினர் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தார்கள். விடுமுறைக்கு அங்கே போகும்போது பின்சந்தில் விளையாடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவார். அந்தச் சந்தில் சுவரை ஒட்டி முழங்கால் உயரத்தில் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கும். கழிவறைக்குக் கீழே வைத்த வாளியை வெளியே இழுப்பதற்கான கதவுகள் அவை. ஆள் வருவார், நிறைந்த வாளியை எடுத்துக்கொண்டு காலி வாளியை உள்ளே தள்ளுவார். சந்தின் முனையில் லாரி நிற்கும். பக்கவாட்டில் வரிசையாகக் கதவுகள் வைத்த அந்த லாரியை முப்பத்திரண்டு கதவு லாரி என்பார்கள். அது போய் வெகுநேரம் கழித்தும் அந்த நாற்றம் சந்தை விட்டுப் போகாது.

முன்வாசலில் இன்னொரு வாளி இருந்தது. அதன் கதையை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1963 ஏப்ரலில் மழை பொய்த்து, நீர்த்தேக்கங்கள் வற்றி, தண்ணீர்ப் பங்கீடு வந்தது. அது பத்து மாதம் நீடித்தது. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வாளி, குடம், அண்டா, பால்மாவு டின் வரை எல்லாவற்றையும் நிரப்பி வைத்துக்கொள்ள வேண்டும். அரிசி களைந்த தண்ணீரைக்கூட அம்மா கீழே ஊற்றமாட்டார். அந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

தண்ணீர் பற்றிய பயம் இந்தத் தீவுக்கு 1963-க்கு முன்பே உண்டு. 1942 ஜனவரி 31 அன்று, பின்வாங்கிய பிரிட்டிஷ் படை ஜொகூர் கடற்பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தபோது, மலாயாவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த குழாயும் அதோடு போனது. சில நாள்களில் ஜப்பானியர் இதே கிராஞ்சி ஆற்றுமுகத்தில் கரையேறினார்கள். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்ததற்கான காரணங்களில் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒன்று.

முன்வாசலில் ஒரு வாளி, பின்சந்தில் ஒரு வாளி. முன்னதில் நிரப்பத் தண்ணீர் போதவில்லை. பின்னதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே பிரச்சினையின் இரண்டு முனைகள் என்று அன்றைக்கு யார் நினைத்திருப்பார்கள்?

இடையில்

இப்படி நினைத்தவர்கள் சிலர் இருந்தார்கள். 1974-லேயே சிங்கப்பூர் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் ஒரு சோதனை ஆலையை நடத்திப் பார்த்தது. செலவு கட்டுப்படியாகவில்லை, வடிகட்டும் சவ்வுகளையும் நம்ப முடியவில்லை. ஆலையை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஆலை மூடப்பட்ட பின்னும் அடித்தள வேலை நிற்கவில்லை. 1975-இல் கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரம் அடைக்கப்பட்டு, உப்பங்கழியாக இருந்த இடம் நன்னீர்த் தேக்கமானது. அதில் வந்து விழும் மழைநீர் சுத்தமாக இருக்க வேண்டுமென்று நீர்ப்பிடிப்புப் பகுதியிலிருந்த பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. தீவெங்கும் மழைநீர் வடிகால் தனியாகவும் கழிவுநீர்க் குழாய் தனியாகவும் போடப்பட்டன. வடிகால் நீர்த்தேக்கத்துக்கும் கழிவுநீர்க் குழாய் சுத்திகரிப்பு ஆலைக்கும் போயின. வீடுவீடாக, சந்துசந்தாக நடந்த வேலை அது. அதற்கு எந்தத் திறப்புவிழாவும் இல்லை, கைதட்டலும் இல்லை. 1987 ஜனவரி 24 அன்று கடைசி மலவாளி எடுக்கப்பட்டது. பின்சந்துக் கதவுகளுக்கு வேலை இல்லாமல் போனது.

இந்த வேலை நடந்திராவிட்டால் நியூவாட்டர் இல்லை. சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் முன் அது முழுவதும் ஓரிடத்துக்கு வந்து சேர வேண்டுமே!

1998-இல் ஆய்வு மறுபடி தொடங்கியது. இதற்குள் சவ்வுகள் மலிவாகியிருந்தன, தரமும் கூடியிருந்தது. 2000-இல் பிடோக்கில் மாதிரி ஆலை எழுந்தது. வல்லுநர் குழு இரண்டு ஆண்டு சோதித்து, குடிக்கப் பாதுகாப்பானது என்று சொன்னது. 2002 தேசிய தின அணிவகுப்பில், அன்றைய பிரதமர் கோ சோக் டோங்கோடு சேர்ந்து சுமார் 60,000 பேர் நியூவாட்டர் போத்தலை உயர்த்திக் குடித்தார்கள். அடுத்த ஆண்டு கிராஞ்சியிலும் பிடோக்கிலும் ஆலைகள் இயங்கத் தொடங்கின.

இன்று

வழக்கமான முறையில் சுத்திகரித்த கழிவுநீர் நியூவாட்டர் ஆலைக்குள் மூன்று கட்டங்களைக் கடக்கிறது. முதலில் நுண்வடிகட்டல்: மிதக்கும் துகளும் பாக்டீரியாவும் நின்றுவிடும். இரண்டாவது எதிர்ச்சவ்வூடு பரவல். தண்ணீரை அழுத்திச் சவ்வின் வழியே தள்ளும்போது தண்ணீர் மூலக்கூறு கடந்து போகும்; உப்பு, கன உலோகம், வைரஸ், மருந்தின் மிச்சம் எல்லாம் பின்தங்கிவிடும். நூறு லிட்டர் உள்ளே போனால் சுமார் 75 லிட்டர் நல்ல நீராக வெளியே வரும். மூன்றாவது புறஊதா ஒளி. ஏதாவது கிருமி தப்பி வந்திருந்தால் அதையும் இது செயலிழக்கச் செய்துவிடும். கடல்நீரைக் குடிநீராக்க ஆகும் மின்சாரத்தில் ஒரு பகுதிதான் இதற்கு ஆகும்.

இந்தத் தண்ணீரில் பெரும்பகுதி தனிக் குழாயில் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. மின்னணுச் சில்லுத் தகடு கழுவும் தொழிற்சாலைகளுக்கு உப்பே இல்லாத நீர் வேண்டும். கிராஞ்சி ஆலையின் நீர் உட்லண்ட்ஸிலுள்ள அத்தகைய ஆலைகளுக்குப் போனது. ஒரு பங்கு நீர்த்தேக்கத்தில் கலந்து, மழைநீரோடு சேர்ந்து மறுபடியும் சுத்திகரிக்கப்பட்டு நம் குழாய்க்கு வருகிறது. மழை குறையும் மாதங்களில் இந்தப் பங்கு கூடும். 2014 தொடக்கத்தில் வாரக்கணக்கில் வறட்சி நீடித்தபோதும், 1963 போல யாரும் அண்டா தேடவில்லை. இன்று நாட்டின் தண்ணீர்த் தேவையில் 40 விழுக்காடு வரை நியூவாட்டரால் ஈடுசெய்ய முடியும்.

நிலத்துக்கு அடியிலும் ஒரு மாற்றம். 2008-இல் முடிந்த ஆழச் சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பின் முதல் கட்டம் கிராஞ்சியில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர். சரிவாகவே தோண்டப்பட்டதால் கழிவுநீர் தானாக ஓடிச் சாங்கி ஆலையை அடைகிறது. முப்பத்திரண்டு கதவு லாரி இழுத்துச் சென்ற சுமையை இன்று புவியீர்ப்பு சுமக்கிறது.

சொல்லும் மாறியிருக்கிறது. சிங்கப்பூரின் அதிகாரபூர்வப் பேச்சில் இப்போது அது கழிவுநீர் அல்ல, 'பயன்படுத்திய நீர்'. வெறும் பூச்சு வேலை என்று முதலில் எனக்கும் தோன்றியது. இப்போது அப்படி நினைக்கவில்லை. தீட்டு என்ற எண்ணம் ஊறிய சமூகத்தில் வளர்ந்தவர்கள் நாம். 'கழிவு' என்ற சொல் காதில் விழுந்ததுமே நம் மனம் கதவைச் சாத்திக்கொள்ளும். ஆனால் தண்ணீருக்குச் சாதி இல்லை, நினைவும் இல்லை. கழுவிய அழுக்கை எடுத்துவிட்டால் அது மறுபடியும் தண்ணீர்தான். மேகம் காலம் காலமாகச் செய்வதை இங்கே ஓர் ஆலை சில மணி நேரத்தில் செய்கிறது.

கிராஞ்சி வட்டாரத்தில் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளும் உண்டு. தமிழகத்திலிருந்து வந்த பிள்ளைகள் பலர் அங்கே தங்கியிருக்கிறார்கள். ஊரில் குடத்தோடு தண்ணீர் லாரியின் பின்னால் ஓடியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனதை நாம் மறக்கவில்லை. அதே ஆண்டு சென்னையில் நல்லதும் நடந்தது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் கழிவுநீரை எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தரும் ஆலைகள் இயங்கத் தொடங்கின. தொழிற்சாலை எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு லிட்டருக்கும் ஈடாக ஒரு லிட்டர் குடிநீர் மக்களுக்கு மிஞ்சும். இந்த வழி சரியான வழி. சவ்வை விலைக்கு வாங்கிவிடலாம். ஆனால் வீட்டுக்கு வீடு கழிவுநீர் இணைப்பை யாரும் விற்க மாட்டார்கள். கூவத்திலும் அடையாற்றிலும் கலந்துவிட்ட கழிவுநீர் எந்த ஆலைக்கும் வராது. சவ்வு கடைசிப் படி, சாக்கடைக் குழாய் முதல் படி. கிராஞ்சி கற்றுத் தருவது இதைத்தான்.

சிங்கப்பூர் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயைக் கழுவுதொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். அது குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும். எண்ணெய் ஆறியதும் பழைய தாளில் ஊறவைத்துக் குப்பையில் போடுங்கள். ஈரத்தாளையும் பஞ்சையும் கழிவறையில் தள்ளாதீர்கள். இன்று நம் வீட்டிலிருந்து போகும் அந்தத் தண்ணீர்தான் நாளை நம் வீட்டுக்குத் திரும்பி வருகிறது.